அக்காவின் இடது கை

எங்கள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்த அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அவருடைய வலது கையைத்தான் சொல்வார்கள். என்ன வேகம், என்ன சுத்தம், ஒரு பிசிறு கிடையாது என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நான் இடது கையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த இடது கை திடீரென்று கட்டைகளை விட்டு எழும்பும். முழங்கை மடிந்து தோள் உயரத்துக்கு வந்ததும் உள்ளங்கை கூட்டத்தைப் பார்த்து விரிந்து நிற்கும். அக்காவின் முகத்தில் ஒன்றும் இருக்காது. வலது கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். சரணம் முடிகிற இடத்தில் இடது கை மெதுவாக இறங்கி வந்து மறுபடி சேர்ந்துகொள்ளும்.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் இது பெரிய ஸ்டைலாகிவிட்டது. எங்கள் கல்லூரியில் பெஞ்சில் தாளம் போடுகிறவன்கூட நடுவில் இடது கையைத் தூக்கிக்கொண்டு கண்ணை மூடுவான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருவன் வலது கையால் வடையைப் பிட்டுக்கொண்டே இடது கையைத் தூக்கிக் காட்டி, கடைக்காரரிடம் வசை வாங்கியதை நானே பார்த்திருக்கிறேன். நானும் கண்ணாடி முன்னால் பழகினேன். நான் குழுவின் அறிவிப்பாளன். ஒரு கையில் மைக் இருக்க, இன்னொரு கையை எங்கே வைப்பது என்பது அறிவிப்பாளர்களின் தீராத பிரச்சினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த ஸ்டைல எங்க பிடிச்சீய?"

"எந்த ஸ்டைலு?"

தூக்கிக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டார். அவர் சிரிப்பதே அபூர்வம்.

"ஸ்டைலா? ஏலே, மிஷின் வாசிக்கிறத நான் வாசிக்கேன்னு சனம் நினைச்சிரக் கூடாதுல்ல. இது நான் இல்லன்னு சொல்லுதேன்."

விஷயம் இவ்வளவுதான். சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தக் கீபோர்டில் ஒரு பித்தான் உண்டு. அமுக்கினால் டிரம் தாளம் தானாக ஓடும். இன்னொன்றை அமுக்கினால் அடியில் கிட்டார் சத்தமும் கூடவே போகும். அந்த நேரத்தில் இடது கைக்கு வேலை இல்லை. நான் பார்த்த மற்ற கீபோர்டுக்காரர்கள் அப்போது இடது கையைக் கட்டைகளின் மேல் சும்மா மேயவிடுவார்கள். பார்க்கிறவர்கள் மொத்தத்தையும் அவரே வாசிப்பதாக நினைத்து வாயைப் பிளப்பார்கள். அக்காவுக்கு அது ஆகாது. தன் கை எழுப்பாத சத்தத்துக்குத் தன் பேர் வரக்கூடாது.

"அது யாருக்குக்கா புரியப்போவுது?"

"புரியுதோ புரியலையோ, நான் சொல்லியாச்சு."

ஒத்திகை அக்காவின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில்தான் நடக்கும். தென்காசி ரோட்டில் ஒரு மாடி. மிஷின்களுக்கெல்லாம் ரெக்சின் உறை போட்டு ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் கீபோர்டு ஸ்டாண்டை விரிப்போம். மற்ற ஆறு நாளும் அங்கே டக்கு டக்கு என்று மழை பெய்துகொண்டிருக்கும். மிஷினைப் பார்த்து அடிக்கிற பிள்ளைகளின் கைகளின் மேல் அக்கா ஒரு துண்டை விரித்துவிட்டுப் போவார். "கண்ணு பேப்பர்ல இருக்கட்டும். கை அதுபாட்டுக்குப் போவும்." மணிக்கட்டு அசையக்கூடாது, முதுகு வளையக்கூடாது, தோள் ஏறக்கூடாது. அதே உடம்போடுதான் அவர் மேடையிலும் நிற்பார். நீலக் கலர் புடவை, இழுத்துப் பின்னிய சடை, நேரான முதுகு. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல இருக்கும். பத்து விரல்களைத் தவிர ஒன்றும் அசையாது. அந்தப் பத்து விரல்களையும் ஸ்டாண்டின் முன்னால் தொங்கும் குழுவின் பேனர் மறைத்துவிடும்.

கட்டைகளைப் பார்க்காமல் பின்னே எதைப் பார்ப்பார்? பாடுகிறவரின் கழுத்தைப் பார்ப்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. குழு எங்கள் பாடகருக்குச் சொந்தம். பகலில் போட்டோ ஸ்டூடியோ, சாயங்காலம் பாட்டு. அவர் மூச்சு எடுக்கும்போது தோள் இம்மி உயரும், பாடப்போகும் கணத்தில் இறங்கும். தோள் இறங்கும்போதே அக்காவின் விரலும் இறங்கும். அதனால்தான் அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆள்போலக் கேட்பார்கள். கான்சாபுரத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் பாடகர் இரண்டாவது சரணத்தை அப்படியே மறந்துபோனார். நாங்கள் யாரும் கவனிக்கும் முன்பே அக்கா புல்லாங்குழல் சத்தத்துக்கு மாற்றி ஓர் இடையிசையை ஓடவிட்டார். அது அந்தப் பாட்டிலேயே இல்லாத இடையிசை. பாடகர் என்னிடம் ஓடிவந்து வரியைக் கேட்டுக்கொண்டு திரும்பும்வரை புல்லாங்குழல் நிதானமாகச் சுற்றி வந்தது.

"மறந்தது எப்படிக்கா தெரிஞ்சுது?"

"எச்சி முழுங்குனாருல்ல. பாட்டு ஞாபகம் இருக்கவிய அந்த எடத்துல முழுங்க மாட்டாவ."

நான் அப்போது இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கொள்கை இருந்தது. இதைப் பற்றியும் இருந்தது. தபேலா வாசிக்கிறவரைப் பார்த்தால் கை விழுகிறது, சத்தம் அங்கேயே எழுகிறது. யாருக்கும் சந்தேகம் வராது. கீபோர்டில் அப்படி இல்லை. கை மேடையில் இருக்கிறது, சத்தம் தெருமுனை வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தொட்டாலும் அதே சத்தம். கைக்கும் காதுக்கும் நடுவில் ஒயர்தான் இருக்கிறது, அந்த ஒயரை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே கீபோர்டுக்காரர் கொஞ்சம் ஆடித்தான் ஆகவேண்டும் என்பது என் கட்சி. அக்காவிடம் பல நாள் வாதாடியிருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே ஒயரைச் சுற்றிவைப்பார்.

பாடகருக்கும் அதே கட்சிதான், என்னைப்போல மரியாதையாகச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

"மதுரையில ஒருத்தன் வாசிக்கான். சாமியாடி கெட்டான். நீ என்னடான்னா தபால் ஆபீஸ்ல ஸ்டாம்பு ஒட்டுற மாதிரி நிக்கே. பின்னால நிக்கவன் கேசட்டு ஓடுதுன்னுல நினைப்பான்."

"கேசட்டு இந்த மாதிரி உங்களுக்காகக் காத்துக்கிட்டு நிக்காதே" என்றார் அக்கா.

"அது எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியணும்ல. கேசட்டுன்னு ஒரு பேச்சு வந்துச்சு, மதுரைக்காரனுக்குச் சொல்லிவிட்டுருவேன். பொறவு வருத்தப்படாத."

அக்கா பயந்தது அதற்கு மட்டும் இல்லை. வீட்டில் அண்ணன் ஒருவர் இருந்தார். பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். தங்கையை மேடைக்கு அனுப்ப ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஊர் வாயில் ஒரு கெட்ட பேச்சு வந்தால் அன்றோடு சரி. அதற்காகவே எல்லா நிகழ்ச்சிக்கும் கூடவே வருவார். மேடைக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலியில் காப்பி பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டைக் கேட்காமல் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த இரண்டு பயத்தில்தான் அக்கா ஒரே ஒரு முறை ஆடிப்பார்த்தார். சேத்தூரில் ஒரு வரவேற்பு. முதல் பாட்டு தொடங்கியதும் தலையை இடமும் வலமுமாக அசைத்தார். தாளத்துக்குத்தான் அசைத்தார். ஆனால் அது இசையில் கரைந்த தலையாக இல்லை, வேண்டாம் வேண்டாம் என்று மறுக்கிற தலையாக இருந்தது. மணப்பெண் தன்னைத்தான் ஏதோ எச்சரிக்கிறார்கள் என்று நினைத்து முழித்தது. பாட்டு முடியும் முன்னே அண்ணன் மேடை ஓரத்துக்கு வந்து தைல டப்பாவை நீட்டினார்.

"கழுத்துல சுளுக்காம்மா?"

அதோடு அந்த முயற்சி முடிந்தது. வேனில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொன்னார்: "தலை ஒரு பக்கம் பொய் சொன்னா விரலுக்கு வெக்கமா இருக்குடா. டைப்புல எம்புட்டுத்தான் அடிச்சாலும் டக்கு டக்குன்னு ஒரே சத்தம். இதுல அமுக்குனா அழுவுது, சிரிக்குது. எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு. இதப் போய்க் கெடுத்துக்கிடுவனா?"

தொண்ணூறுகளில் பிளாப்பி போடுகிற கீபோர்டு வந்தது. ஒரு தகட்டைச் செருகினால் முழுப்பாட்டும் அதுவே வாசித்துவிடும். பாடகர் ஆசை ஆசையாக வாங்கிவந்து காட்டினார். அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல வாசிச்சா நான் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டுல்லா நிக்கணும்" என்றார். பாடகரே சிரித்துவிட்டார். அந்தப் பெட்டி ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த பிள்ளைகளைச் சிரிக்கவைக்கத்தான் பயன்பட்டது. அக்கா குழுவில் இருந்தவரை அது மேடை ஏறவில்லை.

அப்படி மறுக்கிற உரிமை அவருக்கு எப்படி வந்தது என்றால், அதற்குச் சில வருஷங்கள் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஒரு தெருவின் பங்குனிப் பொங்கல். பரீட்சை நேரம் என்பதால் வெளிச்சத்தோடு தொடங்கிச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று பேச்சு. நாங்கள் ஆரம்பிக்கும்போது கோபுரத்தின் உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. விழாக் கமிட்டியின் பெரியவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை மீசை, இஸ்திரி போட்ட சட்டை, கவாத்துக்கு நிற்பதுபோல ஒரு நிற்றல். முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தும் உட்காரவில்லை. தெருக்காரர்கள் கொடுத்த காசுக்குத் தான்தான் காவல் என்ற முகம்.

மூன்றாவது பாட்டு. பித்தானை அமுக்கியதும் டிரம் ஓடியது. அக்கா வழக்கம்போல இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினார். ஹவில்தார் அந்தக் கையைப் பார்த்தார், தெருமுனை வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கரைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். கை மேலே நிற்கிறது, டிரம் அதுபாட்டுக்கு ஓடுகிறது. விடுவிடுவென்று மேடை ஏறிவிட்டார்.

"நிப்பாட்டு. கேசட்ட நிப்பாட்டுங்கேன்."

பாடகர் பாதி வரியில் நின்றார். டிரம் நிற்கவில்லை. அக்கா அவசரமாக அமுக்கி நிறுத்துவதற்குள் தெரு முழுக்க அது தனியாக ஓடியதைக் கேட்டுவிட்டது. பின்னாலிருந்து விசில் கிளம்பியது.

"அண்ணாச்சி, கேசட்டு இல்ல அண்ணாச்சி" என்றார் பாடகர்.

"என்னய்யா இல்ல? கைய மேல தூக்கிட்டு நிக்குது பிள்ள, சத்தம் வருது. நாங்க என்ன கேணப்பயலுவளா?"

இது இயற்பியலுக்கான நேரம் என்று எனக்குத் தோன்றியது. மைக்கை வாங்கி, "அன்பார்ந்த பெரியோர்களே, இந்தக் கருவியின் உள்ளே மின்னணு அலையியற்றி என்று ஒன்று உண்டு" என்று ஆரம்பித்தேன்.

"ஏலே, பாடம் எடுக்காத. பாட்டப் போடு" என்று ஒருவன் கத்தினான்.

"பாட்டுத்தான் அவிய போட்டுட்டாவளே, கேசட்டுல" என்றான் இன்னொருவன். தெரு சிரித்தது.

பாடகர் என் காதில், "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்றார். பின்னால் நாற்காலி மடங்குகிற சத்தம் கேட்டது. அக்காவின் அண்ணன் மேடை ஏறி, யாரையும் பார்க்காமல், கீபோர்டின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார்.

"போதாம் பத" என்றார் தங்கையிடம். அவர்கள் வீட்டில் தெலுங்கு. கிளம்பலாம் என்று அர்த்தம்.

அக்கா அதற்குமுன் மேடையில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"செத்த நேரம் அண்ணா. ஒரே ஒரு செத்த நேரம்."

அப்புறம் ஸ்டாண்டின் முன்னால் தொங்கிய பேனரை அவிழ்த்துக் கீழே போட்டார். கீபோர்டைக் கூட்டத்துக்குக் குறுக்குவாட்டில் திருப்பினார். இப்போது கட்டைகளும் கைகளும் தெருவுக்குத் தெரிந்தன.

"ஐயா, கேசட்டுக்குக் கண்ணு கிடையாது. நீங்க அந்த ஓரத்துல நின்னு கையத் தூக்குங்க. நீங்க தூக்குற மாதிரி இது கூடவே வரும். எறக்குனா நின்னுரும். வரலன்னா நாங்களே கெளம்பிருதோம்."

ஹவில்தார் சந்தேகத்தோடு வலது கையை இடுப்பிலிருந்து மெதுவாகத் தூக்கினார். அடியிலிருந்து ஒரு வயலின் சத்தம் எழுந்து கையோடு கையாக மேலே ஏறியது. தோள் அருகே நிறுத்தினார். சத்தமும் அங்கேயே நின்றது. சட்டென்று கையைத் தொடையில் அறைந்தார். சத்தம் அறுந்தது.

அவர் விடுகிறவர் இல்லை. தூக்குவதுபோலப் போக்குக் காட்டிவிட்டுத் தூக்காமல் இருந்தார். சத்தம் வரவில்லை. பாதியில் இறக்கி மறுபடி ஏற்றினார். அதுவும் இறங்கி ஏறியது. அக்கா கட்டைகளைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்க அவருடைய தோளில் இருந்தது. அந்தத் தோளுக்கு அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தெரியும் முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டதுபோல இருந்தது.

"தாத்தா, காலத் தூக்குங்க" என்று ஒரு பையன் கத்தினான்.

ஹவில்தார் முறைத்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, வலது காலைத் தூக்கி வைத்தார். தொம் என்றது. இடது காலை வைத்தார். தொம். அவ்வளவுதான், பட்டாளம் திரும்ப வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே கவாத்து நடக்க ஆரம்பித்தார். காலுக்குக் கால் டிரம் விழுந்தது. பித்தான் டிரம் இல்லை, ஒவ்வொன்றும் அக்காவின் விரல். அவர் வேகம் கூட்டினால் கூடியது. ஓர் அடி தடுமாறினார், டிரம்மும் தடுமாறியது. தெரு சிரித்த சிரிப்பில் அவர் மீசைக்கடியிலும் ஏதோ அசைந்தது.

அதோடு முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. மூச்சு வாங்க நின்றவர், சோதிக்கவேண்டும் என்பதையே மறந்தவர்போல, கையை மறுபடி தூக்கினார், இந்தமுறை தலைக்கு மேலே. வயலின் கூடவே ஏறிப்போய் உச்சியில் ஒற்றைச் சுரமாக நின்றது. கை இறங்கவில்லை. சுரமும் இறங்கவில்லை. வயதான கை, சற்று நேரத்தில் விரல்கள் லேசாக நடுங்கின. கீபோர்டின் இடது ஓரத்தில் சுரத்தை வளைக்கிற ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அக்காவின் இடது கை அதன்மேல் இருந்தது. சுரமும் நடுங்கியது. அதே அளவு, அதே வேகம்.

ஹவில்தார் அண்ணாந்து தன் விரல்களைப் பார்த்தார். வேப்பமரத்தைப் பார்க்கவில்லை. மேடையில், பின்னால், மாடிகளில், ஒருவரும் அசையவில்லை. அந்தக் கையை இறக்கினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

"தாயி" என்றார், பக்கத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில். "கை வலிக்கி. எறக்கட்டுமா?"

"ஒங்க கைதான ஐயா."

சூரியன் சாயும் நேரம் பாசறையில் கொடி இறக்குவார்களே, அப்படி இறக்கினார். சுரம் படிப்படியாக வந்து அவர் இடுப்பருகே முடிந்தது.

அவர் என் மைக்கில் குனிந்து, "கேசட்டு இல்ல" என்று மட்டும் சொன்னார். பிறகுதான் தெரு கைதட்டியது. அந்தத் தெருவும் அடுத்த தெருவும் சேர்ந்து தட்டியதுபோல இருந்தது. எல்லாக் கண்ணும் அக்காமேல். பாடகர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்காவின் அண்ணன் பிளக்கை விட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து மூடியில் காப்பி ஊற்றினார். ஊற்றியதைத் தங்கைக்குக் கொண்டுபோகாமல் ஹவில்தாரிடம் கொண்டுபோனார்.

கைதட்டல் ஓயவில்லை. அக்கா வணங்கவில்லை, சிரிக்கவில்லை. முதுகு நேராக, முகத்தில் ஒன்றுமில்லாமல், சக்கரத்திலிருந்து இடது கையை எடுத்தார். முழங்கை மடிந்தது. கை தோள் உயரத்துக்கு வந்து, உள்ளங்கை விரிந்து, தெருவுக்கு முன்னால் நின்றது.

ஹவில்தார் அதைப் பார்த்தார். காப்பி மூடியை அண்ணன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, குதிகாலைச் சேர்த்து விறைத்து நின்று, பதில் சல்யூட் அடித்தார்.

மைக் என் கையில்தான் இருந்தது. நான் ஒன்றும் விளக்கவில்லை.